ஊசி படாத இருபத்தோரு நாள்

அத்தியாயம் 11

அப்பாவின் பனியனுக்கு உள்ளே இருந்த பெல்ட் கண்ணில் பட்ட நாளிலிருந்து ரேணுகாதேவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொப்பையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய அகலமான பெல்ட் அது. "இடுப்பு வலிக்குப் போட்டிருக்கேன்" என்று இருளப்பசாமி சொன்னதை ஊர் நம்பியது. தினமும் நூறு பேர் ரத்தத்தைப் பார்த்துப் பிழைக்கிற மகளிடம் அந்தக் கதை எடுபடுமா? போன வாரமே துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

மதுரையில் ஒரு கிளினிக். தொப்பையில் சின்னதாகத் துளை போட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, வளர்த்து, மறுபடி அவர் ரத்தத்திலேயே ஏற்றுவார்களாம். ஏற்றினால் உடம்புக்கு வயது பத்து குறையுமாம், எடை தன்னால் இறங்குமாம்.

அறுபத்து நாலு வயதில், நூற்றியெட்டுக் கிலோ எடையில், பருத்தியும் உளுந்தும் போடுகிற ஒரு சம்சாரிக்கு எதற்கு இந்த வேலை என்று எம்.ரெட்டியபட்டியில் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் பெட்டி.

சிவராத்திரிக்கு அவர்களுடைய குலசாமியின் பெட்டி மூத்த வீட்டிலிருந்து கண்மாய்க் கரைக் கோயிலுக்குப் போகும். உள்ளே சாமியின் பட்டும் சலங்கையும் வெள்ளிக் கண்மலரும் இருக்கும். காப்புக் கட்டி இருபத்தோரு நாள் விரதம் இருந்தவர்தான் அதைத் தலையில் தூக்க வேண்டும். காலில் செருப்பு கூடாது, வழியில் எங்கும் இறக்கக் கூடாது. மூன்று தலைமுறையாக அது மூத்த வீட்டின் உரிமை. போன வருஷம் கண்மாய் மேட்டில் ஏறும்போது இருளப்பசாமிக்குக் கால் பின்னியது. பின்னால் வந்த தம்பி சோலைச்சாமி எட்டிப் பிடித்திராவிட்டால் பெட்டி மண்ணைத் தொட்டிருக்கும்.

அன்றைக்கே ஊர் வாய் திறந்துவிட்டது. உடம்பு பெருத்துப்போச்சு, வயசும் ஆச்சு, இளைய வீட்டுக்கு விட வேண்டியதுதானே என்றார்கள். இருளப்பசாமிக்கு ஆண் வாரிசு இல்லை, ரேணுகா ஒருத்திதான். பெட்டி ஒரு தடவை கைமாறினால் மாறியதுதான். மனிதர் ஒரு வருஷமாகச் சோற்றில் பாதியும் தூக்கத்தில் பாதியும் குறைத்துக்கொண்டார். எடை மட்டும் குறைந்தபாடில்லை.

நாளை காலை காப்பு.

*

ரேணுகா வேலை பார்க்கும் லேப், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. காலை எட்டரை மணிக்கு அங்கே வெறும் வயிற்றுக் கூட்டம். சர்க்கரை பார்க்க வந்தவர்கள் காப்பிக்கு ஏங்கிப்போய், ஒருவரை ஒருவர் முறைத்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெரியவரின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தவள், படியில் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

இருளப்பசாமி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார். வேட்டியும் சட்டையும் வெள்ளை வெளேரென்று இருந்தன. முகமும் வெளுத்திருந்தது.

"என்னப்பா, காப்புக்கு முந்தின நாளு டவுனுக்கு வந்திருக்கீக? வீட்டுல வேலை கெடக்குமே."

"தண்ணி குடு தாயி."

ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிரிட்ஜ் இருந்த சின்ன அறைக்குள் அவளைக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். பெண் கேட்க வந்தவரைப் போல வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார்.

"கிளினிக்ல இருந்து போன் வந்துச்சு. எங்கிட்ட எடுத்தது தேறலையாம்."

"தேறலைன்னா?"

"வெதை முளைக்கலேங்குறாக. வயசாளி ஒடம்பு, சக்கரை வேற. பழைய வெதை எப்பிடி முளைக்கும், அது எனக்கே தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "ரத்த சொந்தத்துல முப்பத்தஞ்சு வயசுக்குள்ள ஆளு இருந்தா, அவுககிட்ட எடுக்கலாமாம். எளசான ஒடம்புக் கொழுப்புல வீரியம் சாஸ்தியாம், வளக்கவே வேணாமாம். இன்னைக்கு மத்தியானம் எடுத்தா சாயங்காலமே எனக்கு ஏத்திருவாக. நாளைக்குக் காப்புக் கட்டிட்டா ஒடம்புல இரும்பு படக் கூடாதுல்ல."

அது அந்த வீட்டுச் சட்டம். காப்புக் கட்டியவர் சவரம் செய்யக் கூடாது, நகம் வெட்டக் கூடாது. காலில் கருவேல முள் தைத்தாலும் இன்னொரு முள்ளால்தான் எடுக்க வேண்டும், ஊக்கைத் தொடக் கூடாது.

ரேணுகாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவளுக்கு வயது இருபத்தொன்பது. பிள்ளை பெற்ற பிறகு எடை எண்பத்து நாலில் நின்றுவிட்டது. "வெயிட்டக் கொறை தாயி, மாப்பிள்ளை என்ன நெனப்பாரு" என்று போன தீபாவளிக்குக்கூட இதே மனிதர் அதிரசத் தட்டை அவள் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தார். இத்தனை வருஷமாக ஏச்சு வாங்கிக் கொடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யாத சதைக்கு இன்றைக்கு இப்படி ஒரு கிராக்கி.

"அப்பா, இதெல்லாம் எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காக. மனுசருக்கு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது. நெசமான ஆராய்ச்சின்னா நோயாளிகிட்டக் காசே வாங்க மாட்டாக. இவுக வாங்குறாகள்ல?"

"எலிக்குப் பலிச்சுச்சா, இல்லையா?"

"எலிக்கு ஏதோ பலிச்சுச்சுங்குறாக."

"பெறகென்ன."

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து அப்பா அவளிடம் எதுவும் கேட்டதில்லை. படி என்றார், கட்டிக்கொள் என்றார், பெட்டி அறைப் பக்கம் போகாதே என்றார். ஒன்று கொடு என்று கேட்டது இதுதான் முதல் தடவை. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எதையும் நம்பாமலே, அவருக்கு உதவ முடிந்தால் நன்றாக இருக்குமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"வாரேன். வந்து அந்த டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேக்குறேன். அதுக்கப்புறம் பாக்கலாம்" என்றாள்.

ரத்தக் குழாய்களைக் கூட வேலை பார்க்கும் பிரவீணாவிடம் ஒப்படைத்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லிக் கிளம்பினாள்.

*

மதுரை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவரை உட்கார வைத்தாள். இரண்டு பேர் சீட்டில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்த பிறகு, மூன்றாவது ஆளுக்கு இடம் கேட்கும் துணிச்சல் எந்தக் கண்டக்டருக்கும் வராது. வெளியே காய்ந்த மல்லிச் செடியைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். கடைசிப் பருத்தி எடுக்கிற பெண்கள் புஞ்சையில் குனிந்திருந்தார்கள். இருளப்பசாமி எதையும் பார்க்கவில்லை. தொடையில் விரலால் தாளம் போடுவதும், போனை எடுத்து மணி பார்ப்பதுமாக இருந்தார்.

"ஒங்க அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார் திடீரென்று.

"ஏன்?"

"யாருக்குமே தெரிய வேணாம். பொம்பளைப் புள்ள ஒடம்புல எடுத்ததுன்னு தெரிஞ்சா, பெட்டிக்கு ஆகாதும்பானுக பங்காளிக."

காலையிலிருந்து மனசுக்குள் பூத்திருந்ததெல்லாம் ஒரே சொல்லில் வாடிப்போனது. ரேணுகா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் பெட்டியத் தொடக் கூடாது. எங்கிட்ட எடுத்தது மட்டும் ஒங்க ஒடம்புக்குள்ள இருந்துக்கிட்டுப் பெட்டியத் தூக்கலாமாக்கும்."

அவர் பஸ் காரியாபட்டியைத் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

*

கிளினிக்கில் ஏ.சி. எலும்பைக் குத்தியது. சுவர் முழுக்க ஜோடி ஜோடியாகப் படங்கள். இடது பக்கம் தொப்பையும் நரையும், வலது பக்கம் அதே ஆள் கறுப்பு முடியோடு மலை ஏறிக்கொண்டிருந்தார். ரோஷினி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். இருபத்து நாலு வயது இருக்கும்.

"வயசாக ஆக நம்ம கொழுப்புல இருக்கிற ஸ்டெம் செல்லும் டயர்டு ஆயிடும் மேம். உடம்பு வீங்கும், வெயிட் போடும், சுகர் ஏறும். யங்கான செல்லைக் கொடுத்தா எல்லாமே ரிவர்ஸ் ஆகும். நீங்க சாருக்குப் பொண்ணு, அதனால நல்லாவே மேட்ச் ஆகும்."

"எத்தனை பேருக்கு ரிவர்ஸ் ஆயிருக்கு?"

"நிறையப் பேருக்கு மேம்."

"எழுதி வெச்சிருக்கீங்களா? எத்தனை பேரு, எத்தனை மாசம் பாத்தீங்க, யாருக்காவது நுரையீரல்ல அடைப்பு வந்துச்சா?"

ரோஷினி சிரித்தாள். டாக்டர் தியேட்டரில் இருப்பதாகச் சொல்லி ஒரு படிவத்தை நகர்த்தினாள். ரேணுகா அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி நிதானமாகப் படித்தாள். பலனுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. சுவரில் மலை ஏறுகிறவரின் காலடியில் அந்த வரியைப் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மிணி" என்றார் இருளப்பசாமி. அவருக்குப் படிவத்தில் அக்கறை இல்லை. "நான் போன தடவை கேட்டதுக்கு டாக்டர் என்ன சொன்னாரு? இன்னைக்கு ஏத்திட்டா, நாளையில இருந்து ஊசி இல்லாம இருபத்தோரு நாள் தாங்குமா?"

"இன்சுலினைப் படிப்படியாக் குறைச்சு நிறுத்தினவங்க இருக்காங்க சார்."

"படிப்படியா எல்லாம் நேரமில்ல. நாளைக்கே நிறுத்தணும்."

படிவத்தில் வரி வரியாகக் கோடு போட்டு வந்த ரேணுகாவின் பேனா நின்றது. மூன்று வருஷமாக அவர் காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறவர். மாசம் தவறாமல் மருந்து வாங்கிக் கொடுப்பவளே அவள்தான்.

"எந்த ஊசியை நிறுத்தணும்?"

அவர் ஏ.சி.யைப் பார்த்தார்.

"அப்பா, காப்புக் கட்டுனா இன்சுலின் போட மாட்டீகளா?"

"அதுவும் இரும்புதான?"

"போன வருசம்?"

"போன வருசமும் போடல. அதுக்கு முந்தின வருசமும் போடல. அப்பத் தாங்குச்சு."

போன வருஷம் சிவராத்திரிக்கு அவள் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டாள். வெயிலில் அப்பாவுக்கு லேசாக மயக்கம் என்று போனில் சொன்னார்கள். அதை அவளும் நம்பினாள், ரத்தம் பார்த்துப் பிழைக்கிற கெட்டிக்காரி. இருபத்தோரு நாள் இன்சுலின் இல்லாமல், ஒரு வேளைச் சாப்பாட்டில், வெறுங்காலோடு வெயிலில் பெட்டியைத் தூக்கியிருக்கிறார். கண்மாய் மேட்டில் கால் பின்னியதற்கு வயதும் காரணம் இல்லை, எடையும் காரணம் இல்லை. உயிரோடு கோயில் போய்ச் சேர்ந்ததுதான் அதிசயம்.

"செத்திருப்பீக" என்றாள்.

"தெரியும். பதினெட்டாம் நாளே கண்ணு மசங்கிருச்சு. அதான் தாயி இங்க வந்தேன். எனக்கு எளமை எதுக்கு, மலை ஏறவா போறேன்? ஊசி இல்லாம இருபத்தோரு நாளு நிக்கிற ஒடம்பு வேணும். வேற எங்க போய்க் கேக்கச் சொல்லுற?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, அப்படியே பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. இதை ஏற்றிக்கொண்டால் மனிதர் முழு நம்பிக்கையோடு நாளைக்கு ஊசியைத் தூக்கிப் போடுவார். மகளின் செல் காப்பாற்றும் என்று நம்பியே விழுவார். கையெழுத்துப் போட்டால் அவரைக் கொல்வது இவள் கையாகத்தான் இருக்கும்.

பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"நான் குடுக்கலப்பா."

"நீ குடுக்காட்டியும் நாளைக்கு நான் காப்புக் கட்டுவேன்" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வெளியே வந்து லிப்டுக்கு நிற்கும்போது ரோஷினி பின்னாலேயே ஓடி வந்தாள். உள்ளே திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரேணுகாவின் காதோரம் குரலைத் தாழ்த்தினாள்.

"மேம், எங்க அப்பாவும் இன்சுலின் போடுறவருதான். நானா இருந்தா ஒரு வேளைகூட நிறுத்த விட மாட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி அந்தச் சிரிப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

*

வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அம்மா குருவம்மாள் வாசலில் சாணி தெளித்து, மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துத் தாம்பாளத்தில் வைத்திருந்தாள். அப்பா குளிக்கப் போனதும் ரேணுகா அம்மாவை அடுப்படியில் மடக்கினாள்.

"ஊசியை நிறுத்துறது ஒனக்குத் தெரியுமாம்மா?"

குருவம்மாள் கொஞ்ச நேரம் கரண்டியைத் துடைத்தாள். துடைத்த கரண்டியையே மறுபடி துடைத்தாள்.

"தெரியாம எப்பிடி? மருந்து அப்பிடியே பிரிட்ஜுல கெடக்குமே."

"சொல்லியிருக்கலாம்ல எங்கிட்ட?"

"சொன்னா நீ சண்டைக்கு வருவ. அவுக கேக்க மாட்டாக. சாமி காரியம், நான் குறுக்க விழுந்து ஏதாச்சும் ஆயிட்டா என்னையத்தான சொல்லும் ஊரு? இருபத்தோரு நாளும் அவுக மூச்சு வருதான்னு மூக்குக்கு முன்னாடி கை வெச்சுப் பாத்துக்கிட்டே கெடந்தேன். இந்த வருசமும் பாக்கணும்."

ஒப்பாரி இல்லாமல், உப்புப் போட்டாச்சா என்று கேட்கிற குரலில் சொன்னாள். சண்டை போட வந்தவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சோலைச்சாமியும் பங்காளிகளில் மூத்தவர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். காப்புக்கு முந்தின நாள் வெற்றிலை மாற்றிக்கொள்வது வழக்கம். சோலைச்சாமிக்கு அறுபது வயது, முருங்கைக் குச்சி மாதிரி உடம்பு. தனக்கு வைத்த விருந்தைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிற ஆள். வந்தவர்கள் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். இருளப்பசாமி ஈரத் தலையோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அப்ப நாளைக்குக் காப்பு ஒங்க கையிலதானண்ணே?" என்று சோலைச்சாமி வெற்றிலைத் தாம்பாளத்தைத் தள்ளினார்.

"என் கையிலதான்."

அந்த வெற்றிலையை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. ரேணுகா நிலைப்படியில் நின்றாள். பிறந்த வீட்டுப் பெட்டிப் பேச்சில் கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு என்ன வேலை என்று அவளுக்கும் தெரியும். கால் தானாகவே முற்றத்தில் இறங்கியது.

"சித்தப்பா, ஒண்ணு கேக்கணும்."

"உள்ள போ" என்றார் அப்பா.

"காப்புக் கட்டுனவுக ஒடம்புல கத்தி படக் கூடாது, சரி. உசிருக்குப் போடுற ஊசியும் ஆகாதா? அப்பா தெனமும் ரெண்டு வேளை இன்சுலின் போடுறாக. காப்புக் கட்டுனா நிறுத்திருறாக. போன வருசம் மேட்டுல தடுமாறுனது அதனாலதான். கொழுப்புமில்ல, வயசுமில்ல. இந்த வருசமும் நிறுத்துனா, பெட்டி கோயிலுக்குப் போகும், அவுக திரும்பி வர மாட்டாக."

இருளப்பசாமி தலையைக் குனிந்துகொண்டார். அவமானத்தில் கழுத்து சிவந்தது. பங்காளிகளில் ஒருவர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை மறந்தார்.

இனி சோலைச்சாமி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டி அவர் வீட்டுக்குப் போய்விடும். ரேணுகாவுக்கு அதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அப்பா இருந்தால் போதும்.

சோலைச்சாமி தாடையைத் தடவினார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார். "ஊசி ஆகும், ஆகாதுன்னு நான் சொல்ல முடியாது. ஆகாதுன்னா, பெட்டிக்கு ஆசைப்பட்டுச் சொல்றான்பாக. ஆகும்னா, பங்காளிக நாளைக்கு என்னையக் கேப்பாக. சாமிகிட்டயே கேட்ருவோம். காலையில காப்புக்கு முன்னாடி பூக் கேப்போம்."

மூத்தவர்கள் தலையாட்டினார்கள். அதுதான் முறை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டிப் பெட்டிக்கு முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்று கை நீட்டி ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம்.

"வெள்ளை வந்தா ஊசி போட்டுக்கிட்டே தூக்குறேன்" என்றார் இருளப்பசாமி. "செவப்பு வந்தா ஊசி இல்லாமத் தூக்குறேன்."

"செவப்பு வந்தா எங்கிட்டக் குடுத்துருண்ணே."

"உசிரோட குடுக்க மாட்டேன் சோலை."

தம்பி எழுந்திருக்கும்போது அண்ணனின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார். அவர் போவதைப் பார்த்துக்கொண்டே இருளப்பசாமி மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"பெட்டி வீட்டுல பெறந்த புள்ளதான் பூக் கட்டணும். நீயே கட்டு. எம்மேல எம்புட்டுக் கோவமிருந்தாலும் சாமி காரியத்துல நீ பெசக மாட்ட."

*

விளக்கு வைப்பதற்குள் கட்டி முடிக்க வேண்டும். குருவம்மாள் தாம்பாளத்தில் ஒரு பக்கம் நந்தியாவட்டையும் ஒரு பக்கம் செவ்வரளியும் பறித்து வைத்தாள், நடுவில் இரண்டு பூவரச இலை. ரேணுகா தலைக்குத் தண்ணீர் விட்டு, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

முதல் இலையில் வெள்ளைப் பூவை வைத்து மடித்து நூலைச் சுற்றினாள்.

இரண்டாவது இலையை விரித்தாள். கை செவ்வரளிக்குப் போனது. அங்கேயே நின்றது.

பாதிக்குப் பாதி. லேபில் இப்படி ஒரு கணக்கு வந்தால் எந்த டாக்டரும் அந்த மருந்தை எழுத மாட்டார். மதுரையில் பலன் தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து வந்தவள், இங்கே ஒரு பிள்ளையின் கையில் அப்பாவின் உயிரைக் கொடுப்பதா? அதற்காகச் சாமியை ஏமாற்றலாமா? அவளுக்கும் அந்தச் சாமிதான் சாமி. பரீட்சைக்குப் போகும்போதும் பிரசவ வலியிலும் அதன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள்.

நாளைக் காலையைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். பெட்டி அறைக்குள் ஆண்கள் நிற்பார்கள். பெண்களுக்கு எப்போதும் முற்றம்தான். உள்ளிருந்து "வெள்ளை" என்று குரல் வரும், வெளியே குலவை போடுவார்கள். சின்ன வயதிலிருந்து அவள் பார்த்த பூக்கேட்டல் அவ்வளவுதான். எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் வெள்ளை வர வேண்டும். அப்பா ஊசி போட்டுக்கொள்வார், பெட்டியையும் தூக்குவார். பாவம் வந்தால் வரட்டும், அவள் சுமந்துகொள்வாள். எண்பத்து நாலு கிலோவைச் சுமக்கிறவளுக்கு இது பாரமா?

மனசுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, வெள்ளைப் பூவை எடுத்து இரண்டாவது இலையிலும் வைத்தாள்.

நிமிர்ந்தபோது அம்மா எதிரே நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. குருவம்மாள் தாம்பாளத்தில் மிஞ்சிய செவ்வரளியைக் கொத்தாக அள்ளினாள். வெந்நீர் அடுப்புக்குப் போய், ஒரு பூ மிச்சமில்லாமல் உள்ளே தள்ளினாள். திரும்பி வந்து மகளின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். ரேணுகாவுக்குக் காலையிலிருந்து இல்லாத நிம்மதி வந்தது.

இருளப்பசாமி வந்து இரண்டு பொட்டலத்தையும் இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெட்டி அறைக்குள் போய் வைத்துவிட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்திப் பெரிய பூட்டைப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்தார்.

"வெள்ளை ஒண்ணு, செவப்பு ஒண்ணு, சரியாக் கட்டிட்டியா தாயி?"

"கட்டிட்டேன்ப்பா."

"எதுக்குக் கேக்குறேன்னா, மொதப் பொட்டலத்தை எடுத்ததும் மத்ததையும் பிரிச்சுப் பங்காளிக எல்லாருக்கும் காட்டுவோம். ஒங்களுக்குத் தெரியாது, நீங்க வெளியதான நிப்பீக. எந்த வீட்டுலயாச்சும் ரெண்டும் ஒரே பூவா இருந்தா, அந்த வீட்டுக்குப் பெட்டி கெடையாது. எங்க தாத்தா காலத்துல ஒரு வீட்டை விட்டுப் பெட்டி அப்பிடித்தான் போச்சு."

அடுப்படி வாசலில் குருவம்மாளின் கையிலிருந்த திருநீற்றுக் கிண்ணம் சாய்ந்தது. இருளப்பசாமி சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பெட்டி அறைக் கதவுக்குக் குறுக்கே பாயை விரித்து உட்கார்ந்தார்.

"காப்புக் கட்டுற வரைக்கும் நான் இந்த எடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றார்.